சார்லஸ் டார்வின்

சார்லஸ் ராபர்ட் டார்வின் (பெப்ரவரி 12, 1809 – ஏப்ரல் 19, 1882) இங்கிலாந்தைச் சேர்ந்த இயற்கையியல் அறிஞர் ஆவார். உயிரினங்கள் இயற்கைத் தேர்வின் வழியாகப் படிவளர்ச்சி அடைகின்றன என்ற கொள்கையை விரிவான சான்றுகளுடன் முன்வைத்தவர். பீகிள் கப்பலில் பயணம் செய்தபோது, கரையிலிருந்து வெகு தொலைவில் கப்பல்மீது வந்திறங்கிய சிலந்திகளைப் பற்றி இவர் எழுதிய குறிப்புகள், சிலந்திகளின் வான்வழிப் பயணம் குறித்த ஆய்வுகளில் இன்றும் எடுத்தாளப்படுகின்றன.

இளமைக் காலம்

டார்வின் இங்கிலாந்தின் சுரூசுபெரி நகரில் பிறந்தார். தந்தை ராபர்ட் டார்வின் மருத்துவர். தாயார் சுசன்னா, டார்வினின் எட்டாம் வயதில் காலமானார். தந்தையின் விருப்பப்படி 1825இல் எடின்பரோவில் மருத்துவம் பயிலச் சென்றார். மயக்கமருந்து இல்லாத அக்காலத்தில் ஒரு குழந்தைக்குச் செய்யப்பட்ட அறுவையைக் காணப் பொறாது வெளியேறினார். மருத்துவப் படிப்பையும் பின்னர் கைவிட்டார். அடுத்து, சமயகுரு ஆகும் நோக்குடன் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே வண்டுகளைச் சேகரிப்பதில் பெரும் ஆர்வம் கொண்டிருந்தார். தாவரவியல் பேராசிரியர் ஜான் ஹென்சுலோவின் நட்பும் அங்கு வாய்த்தது.

பீகிள் பயணம்

ஹென்சுலோவின் பரிந்துரையால் பீகிள் கப்பலில் செல்லும் வாய்ப்பு வந்தது. தந்தை முதலில் மறுத்தார். தாய்மாமன் ஜோசையா வெட்சுவுட் எடுத்துரைத்த பின்னரே இசைந்தார். ராபர்ட் பிட்சுராய் தலைமையில் டிசம்பர் 27, 1831 அன்று புறப்பட்ட கப்பல், அக்டோபர் 2, 1836 அன்று நாடு திரும்பியது. பயணம் முழுவதும் டார்வின் கடல் நோயால் துன்புற்றார். எனினும் தாவரங்கள், விலங்குகள், பாறைகள், புதைபடிவங்கள் ஆகியவற்றைப் பெருமளவில் சேகரித்தார்.

கப்பலில் இறங்கிய சிலந்திகள்

தென் அமெரிக்காவின் லா பிளாட்டா ஆற்று முகத்துவாரத்தில் பீகிள் சென்றபோது, அதன் பாய்மரக் கயிறுகள் பலமுறை சிலந்தி இழைகளால் மூடப்பட்டன. இவற்றுள் ஒரு நிகழ்வைப் பயணநூலில் நவம்பர் 1, 1832 என்று தேதியிட்டு டார்வின் விரிவாக எழுதியுள்ளார். அன்று வானம் தெளிவாக இருந்தது. மெல்லிய காற்று வீசியது. காற்று வந்த திசையில் நிலம் 60 மைல் தொலைவில் இருந்தது. வானமெங்கும் இழைத் திரள்கள் மிதந்தன. அவற்றுடன் ஆயிரக்கணக்கான சிறு சிலந்திகள் கப்பலை அடைந்தன. அவை ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் நீளமும் மங்கிய செந்நிறமும் கொண்டவை.

ஒவ்வொரு சிலந்தியும் ஒற்றை இழையில் அமர்ந்தே வந்து சேர்ந்ததை டார்வின் கவனித்தார். பஞ்சு போன்ற திரள்கள், இத்தகைய தனி இழைகள் ஒன்றோடொன்று சிக்கியதால் உண்டானவை என்று கருதினார். ஆண், பெண், குஞ்சு ஆகிய மூன்றும் அவற்றில் இருந்தன. வந்திறங்கியவை நீர்த்துளிகளை ஆவலுடன் பருகின. நீரின் மேற்பரப்பிலும் எளிதாக ஓடின. சில சிலந்திகள் உயரமான ஓரிடத்தில் ஏறி, வயிற்றை மேல்நோக்கி உயர்த்தி, இழையை வெளிவிட்டு, காற்றில் பறந்து மறைந்தன. எனவே இது தற்செயலாக நேர்வதன்று, இச்சிலந்திகளின் இயல்பான பழக்கமே என்ற முடிவுக்கு டார்வின் வந்தார்.

மற்றொரு சமயம் நிலத்தில், ஒரு கம்பத்தின் உச்சியில் நின்ற சிலந்தி நான்கைந்து இழைகளை விடுவதைக் கண்டார். காற்று அசையாததுபோல் தோன்றிய அந்த வெப்பமான நாளிலும் இழைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி மேல்நோக்கி விரிந்தன. வெப்பக் காற்றின் எழுச்சியே இழைகள் மேலெழக் காரணம் என்று எண்ணினார். இழைகள் விலகி நிற்பதற்கு அவற்றின் ஒத்த மின்னேற்றம் காரணம் என அக்காலத்தில் கூறப்பட்ட விளக்கத்தையும் குறிப்பிட்டார். அம்மின் விளக்கம் நெடுங்காலம் சோதிக்கப்படாமல் இருந்தது. 2018இல் பிரிசுட்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காற்று அசையாத பெட்டியில் மின்புலத்தை ஏற்படுத்தியபோது சிலந்திகள் பறக்க ஆயத்தமாகி மேலெழுந்ததைக் காட்டினர். காற்றின் பங்கும் மறுக்கப்படவில்லை.

கடல் கடக்கும் உயிர்கள்

பெருநிலத்திலிருந்து விலகிய தீவுகளில் உயிர்கள் எவ்வாறு குடியேறின என்பது டார்வினின் கொள்கைக்கு இன்றியமையாத வினாவாயிற்று. ஒவ்வோர் இனமும் ஓரிடத்தில் தோன்றிப் பரவியது எனில், அது கடலைக் கடந்திருத்தல் வேண்டும். மறைந்துபோன நிலப்பாலங்களை ஊகிக்காமல், சோதனையால் விடை காண டார்வின் முயன்றார். விதைகளை உப்புநீரில் ஊறவைத்தார். 87 வகைகளுள் 64 வகை விதைகள் 28 நாட்கள் ஊறிய பின்னும் முளைத்தன. பறவைகளின் கால்களில் ஒட்டிய சேற்றையும் ஆராய்ந்தார்.

இல்லறமும் நூல்களும்

1839இல் எம்மா வெட்சுவுட்டை மணந்தார். 1842 முதல் கென்ட் மாவட்டத்தின் டவுன் ஊரில் வாழ்ந்தார். பத்து மக்களுள் மூவர் சிறுவயதில் இறந்தனர். பத்து வயது மகள் ஆனியின் மறைவு (1851) அவரைப் பெரிதும் வருத்தியது. நீண்ட நாள் நோயும் அவரை வாட்டியது.

இருபது ஆண்டுகளாக உருவாக்கிய கொள்கையை ஆல்பிரட் வாலசும் தனியே கண்டறிந்ததால், இருவரின் கட்டுரைகளும் ஜூலை 1, 1858 அன்று இலண்டன் லின்னேயக் கழகத்தில் படிக்கப்பட்டன. சில நாட்களுக்கு முன்புதான் டார்வினின் கைக்குழந்தை இறந்திருந்தது. அவர் அக்கூட்டத்திற்குச் செல்லவில்லை. உயிரினங்களின் தோற்றம் என்னும் நூல் 1859 நவம்பரில் வெளியானது. மண்புழுக்களைப் பற்றிய இவரது இறுதி நூல் 1881இல் வந்தது.

மறைவும் பின்னரும்

டார்வின் 1882இல் டவுன் இல்லத்தில் காலமானார். இலண்டன் வெசுட்மின்சுட்டர் மடாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

மறு ஆண்டு ஆகசுட்டில் இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலை வெடித்து, தீவின் உயிர்கள் சாம்பலில் புதைந்தன. ஏறத்தாழ ஒன்பது மாதங்களுக்குப் பின் அங்கு சென்ற ஆய்வுக் குழுவினர் கண்ட ஒரே விலங்கு, வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு நுண்ணிய சிலந்தியாகும்.