உடையை மாற்றிய மறைப்பணியாளர்

இத்தாலியின் மச்செராத்தா நகரில் 1552ஆம் ஆண்டு பிறந்த மத்தேயோ ரிச்சி, இயேசு சபையில் சேர்ந்து இந்தியா வந்து, 1580இல் கொச்சியில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1582இல் மக்காவு சென்று சீன மொழி கற்கத் தொடங்கினார். மறு ஆண்டு, அருள்தந்தை மிக்கேல் ருஜ்ஜேரியுடன் சீனாவின் சாவோச்சிங் நகரில் குடியேறினார்.

துறவிகளை எல்லாரும் மதிப்பார்கள் என்று எண்ணி, இருவரும் தலையை மழித்து, புத்தத் துறவிகளைப்போல் உடுத்தினர். ஆனால் அங்கே செல்வாக்குப் பெற்றிருந்தவர்கள் கன்பூசியசின் நூல்களைக் கற்ற அறிஞர்கள். அவர்கள் புத்தத் துறவிகளை அவ்வளவாக மதிக்கவில்லை. இதை உணர்ந்துகொள்ள ரிச்சிக்குப் பல ஆண்டுகள் ஆயின. சீன நண்பர் ஒருவரின் அறிவுரையை ஏற்று, முடியும் தாடியும் வளர்த்து, 1595இல் அறிஞர்களின் பட்டாடைக்கு மாறினார். அதே ஆண்டு நட்பைப் பற்றிச் சீன மொழியில் ஒரு நூல் எழுதினார்.

1601இல் பெய்ஜிங் சென்ற அவர், பேரரசருக்குக் கடிகாரங்களைக் காணிக்கையாக்கினார். திருமுழுக்குப் பெற்ற அறிஞர் சூ குவாங்சியுடன் இணைந்து, யூக்ளிடின் வடிவியல் நூலின் முதல் ஆறு பகுதிகளைச் சீனத்தில் மொழிபெயர்த்து 1607இல் வெளியிட்டார். 1610 மே 11 அன்று ரிச்சி இறைவனடி சேர்ந்தபோது, அவரை அடக்கம் செய்யப் பேரரசரே பெய்ஜிங்கில் நிலம் வழங்கினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2022இல் அவரை வணக்கத்திற்குரியவராக அறிவிக்க ஒப்புதல் அளித்தார்.

அன்பார்ந்தவர்களே, பிழைப்புக்காகவோ பணிக்காகவோ நாமும் புதிய ஊர்களுக்குச் செல்கிறோம். பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்த முறையையே தவறென்று ஏற்று, ரிச்சி மீண்டும் தொடங்கினார். அந்த ஊர் மக்கள் நம் தவறைச் சுட்டிக்காட்டினால், நாம் கேட்கிறோமா?