காவலை மறந்த கை

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு வாரம் நான் ஆய்வுக்கூடத்தின் பக்கமே போகவில்லை. காரணம் சிறியதுதான். ஆறு வாரம் உழைத்து, ஐந்து படிகள் கடந்து, ஒரு வேதிப் பொருளை உருவாக்கும் வேலையில் கடைசிப் படிக்கு வந்திருந்தேன். குடுவையில் கரைப்பான் கொதித்துக்கொண்டிருந்தது. மேலே எழும் ஆவியைக் குளிர்வித்து மீண்டும் குடுவைக்குள் இறக்கும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு கருவிக்கு ரப்பர்க் குழாய் ஒன்று தேவைப்பட்டது. பல மணி நேரமாக ஒரு தொல்லையும் தராமல் இருந்த அந்தக் குளிர்விப்பானிலிருந்து குழாயைக் கழற்றினேன். சற்று நேரத்தில் திரும்ப மாட்டிவிடலாம் என்று எண்ணினேன். பிறகு மறந்து உணவுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது குடுவையில் கரைப்பான் இல்லை. அடியில் கரி மட்டும் இருந்தது.

யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் இன்னும் கடினமாக இருந்தது. ஊருக்குப் பேசியபோதும் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அறிவியல் படிப்பே எனக்குப் பொருந்தாதோ என்ற ஐயம் வந்துவிட்டது. அந்த வாரத்தில், திருவனந்தபுரம் பாளையத்தில் உள்ள மாநில மைய நூலகத்தில் பொழுதைக் கழித்தேன். 1829-ஆம் ஆண்டில் தொடங்கிய பழைய நூலகம் அது. அங்கே சதுரங்கம் பற்றிய நூல்களைப் புரட்டியபோது கண்ணில் பட்டவர்தாம் மிகயீல் சிகோரின். வெல்ல வேண்டிய ஆட்டத்தை ஒரே நகர்த்தலில் இழந்தவர் என்று சதுரங்க உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்கும் மனிதர். அந்த நகர்த்தலைக் காட்டிலும், அதற்கு மறுநாள் அவர் என்ன செய்தார் என்பதையே நான் அறிய விரும்பினேன்.

சிகோரின் 1850-ஆம் ஆண்டு ரஷ்யாவில், பீட்டர்ஸ்பர்க் நகருக்கு அருகில் உள்ள காட்சினாவில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து, அவ்வூர் அநாதை விடுதியில் வளர்ந்தார். பதினாறாம் வயதில் ஆசிரியர் ஒருவரிடம் சதுரங்கம் கற்றார். மேதைகள் பலர் பால் மணம் மாறாத வயதிலேயே காய்களைத் தொட்டவர்கள். சிகோரினோ காலம் தாழ்த்தித் தொடங்கியவர். படிப்பு முடிந்ததும் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக அமர்ந்தார். ஆனால் மனம் முழுதும் சதுரங்கப் பலகையிலேயே இருந்தது. 1876-ஆம் ஆண்டில் சதுரங்கத்துக்கென்றே ஓர் இதழைத் தொடங்கினார். நிலையான ஊதியத்தை விட்டு நிலையற்ற ஆட்டத்தை நம்பினார். அதன் பின் வறுமை அவரை முற்றிலும் விட்டு நீங்கவில்லை.

1883-ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த பெரும் போட்டியில் அவர் நான்காம் இடம் பெற்றார். 1886-ஆம் ஆண்டில் உலகின் முதல் சதுரங்கப் பேரரசர் என்ற பட்டத்தை வென்றவர் வில்லெம் ஸ்டைனிட்ஸ். பிராக் நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர் அவர். பட்டத்துக்காகத் தம்முடன் மோத அவரே தேர்ந்தெடுத்தவர் சிகோரின். 1889-ஆம் ஆண்டு கியூபா நாட்டு ஹவானாவில் இருவரும் மோதினர். ஸ்டைனிட்ஸ் 10 ஆட்டங்களிலும் சிகோரின் 6 ஆட்டங்களிலும் வென்றனர். ஓர் ஆட்டம் சமனாயிற்று.

இருவரும் இருவேறு நோக்கு உடையவர்கள். சதுரங்கத்துக்குப் பொது விதிகள் உண்டு, அவற்றைப் பின்பற்றினால் வெற்றி தானே வரும் என்பது ஸ்டைனிட்ஸின் கொள்கை. எந்த விதியும் எல்லா நிலைக்கும் பொருந்தாது, ஒவ்வொரு நிலையையும் அதன் தன்மைக்கேற்ப ஆராய வேண்டும் என்பது சிகோரினின் நம்பிக்கை. இந்தக் கருத்து வேறுபாடு காரணமாக, 1890, 1891 ஆண்டுகளில் தந்தி மூலம் இரண்டு ஆட்டங்கள் ஆடினர். இரண்டிலும் சிகோரினே வென்றார். எனவே மறுபடியும் பட்டப் போட்டி வந்தது.

1892-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், அதே ஹவானாவில் போட்டி தொடங்கியது. முதலில் 10 ஆட்டங்களை வெல்பவருக்கே பட்டம். ஸ்டைனிட்ஸுக்கு அப்போது 55 வயது, சிகோரினுக்கு 41. முன்னும் பின்னுமாகப் போட்டி நகர்ந்தது. 22 ஆட்டங்கள் முடிந்தபோது ஸ்டைனிட்ஸ் 9, சிகோரின் 8, ஐந்து சமன். பிப்ரவரி 28 அன்று 23-ஆம் ஆட்டம். வெள்ளைக் காய்கள் சிகோரினுக்கு. இதை வென்றால் 9-க்கு 9. தோற்றால் எல்லாம் முடிந்தது.

சிகோரின் அருமையாக ஆடினார். ஒரு பெரிய காய் அவர் பக்கம் மிகுதியாக இருந்தது. ஸ்டைனிட்ஸுக்கு எஞ்சியிருந்த ஒரே நம்பிக்கை அவருடைய இரண்டு யானைகள். அவை இரண்டும் வெள்ளையின் இரண்டாம் வரிசைக்குள் நுழைந்து நின்றன. மூலையில் வெள்ளை அரசன். அவனுக்கு முன்னே ஒரு சிப்பாய். அந்தச் சிப்பாயை வெட்ட யானை காத்திருந்தது. ஆனால் வெட்ட முடியவில்லை. பலகையின் நடுப்பகுதியைக் கடந்து தொலைவில் நின்ற வெள்ளை மந்திரி, குறுக்குக் கோட்டின் வழியே அந்தச் சிப்பாய்க்குக் காவலாக இருந்தான். அசையாமல் நின்றான்; ஆனால் அரசனின் உயிரே அவன் கையில் இருந்தது.

32-ஆம் நகர்த்தல். சிகோரின் அந்த மந்திரியை எடுத்து, எதிரியின் யானை ஒன்றைத் தாக்கும் கட்டத்தில் வைத்தார். காவல் நீங்கியது. ஸ்டைனிட்ஸின் யானை சிப்பாயை வெட்டியது. அடுத்த நகர்த்தலில் மற்றொரு யானையும் வந்து சேர்ந்தால் அரசனுக்குப் போக்கிடம் இல்லை. சிகோரின் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஆட்டம் போயிற்று, போட்டி போயிற்று, பட்டமும் போயிற்று.

இந்த இடத்தைப் படித்ததும் நூலை மூடிவிட்டேன். என் ரப்பர்க் குழாய் நினைவுக்கு வந்தது. சிகோரினுக்குச் சதுரங்கம் தெரியாமல் போகவில்லை. இன்று ஆடத் தொடங்கிய சிறுவன்கூடக் காணக்கூடிய ஆபத்து அது. ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்று வாழ்நாள் எல்லாம் வாதிட்டவர், அந்த ஒரு கணம் ஆராயவில்லை. ஓடுகிற காய், பாய்கிற காய் நம் கண்ணில் படுகின்றன. சும்மா நிற்பதுபோல் நின்று காப்பது கண்ணில் படுவதில்லை. அது வேலையின்றி இருக்கிறது என்று எண்ணி, வேறு வேலைக்கு அழைத்துவிடுகிறோம். வெற்றி நெருங்கும்போதுதான் இந்தத் தவறு மிகுதியாக நேர்கிறது. ஏனெனில் அப்போது நாம் எதிரியின் வாய்ப்புகளைத் தேடுவதை நிறுத்திவிடுகிறோம்.

மறுபடியும் நூலைத் திறந்தேன். சிகோரின் நாடு திரும்பினார். அடுத்த ஆண்டே, 1893-இல், ஜெர்மனியின் பெரும் வீரர் தாராஷுடன் பீட்டர்ஸ்பர்க்கில் மோதினார். 22 ஆட்டங்களில் ஆளுக்கு 9 வெற்றி, நான்கு சமன். 1895-இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் உலகின் சிறந்த வீரர்கள் 22 பேர் கூடினர். முதற்சுற்றிலேயே சிகோரின் வென்றது அமெரிக்க இளைஞர் பில்ஸ்பரியை. ஆயினும் இறுதியில் முதலிடம் பெற்றவர் அந்தப் பில்ஸ்பரியே. அரைப் புள்ளி குறைந்து சிகோரின் இரண்டாம் இடம். அவருக்கும் கீழே நின்றவர்கள் யார்? அப்போதைய உலகப் பேரரசர் லாஸ்கர், தாராஷ், முன்னாள் பேரரசர் ஸ்டைனிட்ஸ்! அதன் பின் நடந்த முதல் மூன்று அனைத்து ரஷ்யப் போட்டிகளிலும் சிகோரினே முதல்வர். 1903-இல் வியன்னாவில், ஹவானாவில் தம்மைக் கைவிட்ட அதே அரசர் கேம்பிட் தொடக்கத்தை மட்டுமே ஆடும் போட்டி நடந்தது. அதிலும் அவரே வென்றார்.

உலகப் பட்டம் மட்டும் அவருக்குக் கிட்டவேயில்லை. நீரிழிவு நோயால் நலிந்து, 1908-ஆம் ஆண்டு சனவரியில் லூப்ளின் நகரில் காலமானார். மறு ஆண்டு பீட்டர்ஸ்பர்க்கில் அவர் நினைவாக நடந்த போட்டியில் லாஸ்கரும் ரூபின்ஸ்டைனும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டனர். ரஷ்யா பின்னாளில் சதுரங்கத்தின் தாயகமாக விளங்கியதற்கு வித்திட்டவர் அவர் என்று அந்நாட்டினர் போற்றுகின்றனர். அவர் பெயரால் வழங்கும் ஆட்ட முறைகளை இன்றும் மாணவர்கள் கற்கின்றனர்.

இத்தகைய கணம் எவரையும் தேடி வரும். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த பட்டப் போட்டியின் 14-ஆம் ஆட்டத்தை, நம்முள் பலர் கைப்பேசியில் கண்டோம். சமனில் முடியவிருந்த ஆட்டத்தில் சீன வீரர் டிங் லிரென் தம் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். நம் சென்னை இளைஞர் குகேஷ் 18 வயதில் உலகப் பட்டம் பெற்றார். விடுதியில் எழுந்த ஆரவாரத்தில் நானும் கலந்துகொண்டேன். இன்று எண்ணிப் பார்க்கையில், தலை குனிந்து அமர்ந்திருந்த டிங்கின் முகமும் நினைவுக்கு வருகிறது. மற்றவர் பிழையில் நாம் மகிழும் அந்த நொடியிலும், நாளை அந்த நாற்காலியில் நாமே அமரக்கூடும்.

மறுநாள் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினேன். ஐந்து படிகளையும் முதலிலிருந்து செய்தேன். கிடைத்த பொருள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு, ஆனாலும் கிடைத்தது. இப்போது எந்தக் குழாயையும் கழற்றுமுன், எந்தக் காயையும் தொடுமுன், ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்: இது இங்கே சும்மா நிற்கிறதா, எதையேனும் காத்து நிற்கிறதா? நண்பர்களே, தேர்வு நெருங்குகிறது. விடைத்தாளின் கடைசி வரியை எழுதுமுன் நீங்களும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்க மறந்து தோற்றுவிட்டால், மறுநாளும் பலகையின் முன் வந்து அமருங்கள். சிகோரின் அமர்ந்தார்.