அண்ணா தொடங்கிய பரிசுச் சீட்டு: லாட்டரி காசு கல்லூரிக்குப் போகுமா?

ஓசூர், மூக்கண்டப்பள்ளி பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு லாட்டரி என்றாலே போலீஸ் செய்திதான் ஞாபகம் வரும். வெளிமாநிலச் சீட்டு விற்றவர் கைது, மூணு நம்பர் எழுதியவர் கைது, இவ்வளவு ரூபாய் பறிமுதல். 2003-க்குப் பிறகு வளர்ந்தவர்களுக்கு, ஒரு காலத்தில் தமிழ்நாடு அரசே சீட்டு அச்சடித்து விற்றது என்பதே புதுத் தகவலாக இருக்கலாம். அதைத் தொடங்கியவர் யார் என்பது அதைவிட ஆச்சரியம். சாராயக் கடையைத் திறக்க மறுத்த முதல்வர் என்று பெயரெடுத்த சி.என்.அண்ணாதுரைதான் அவர்.

அரசே மறுபடி லாட்டரி நடத்தி, லாபத்தைக் கல்லூரி மாணவர்களுக்கு உதவித்தொகையாகக் கொடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. கேட்க நல்ல யோசனை மாதிரிதான் இருக்கிறது. அது எங்கே சிக்குகிறது என்று புரிய அண்ணாவின் கதையையே ஒருமுறை பார்த்துவிடலாம்.

கிளார்க் வேலையில் இருந்து கல்லூரிக்கு

1909 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில், நெசவுத் தொழில் செய்யும் சமூகத்தில் பிறந்தார் அண்ணா. அப்பா நடராசன், அம்மா பங்காரு அம்மாள். வளர்த்தது பெரும்பாலும் ராசாமணி அம்மாள். அண்ணாவுக்கு அவர் 'தொத்தா'. பள்ளிப் படிப்பின் நடுவே வீட்டுக் கஷ்டம் வந்தது. படிப்பை நிறுத்திவிட்டு காஞ்சிபுரம் நகராட்சியில் கொஞ்ச காலம் கிளார்க்காக வேலை பார்த்தார். பிறகு சென்னை வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். படிக்கும்போதே 1930-ல் ராணி அம்மாளுடன் கல்யாணம். 1934-ல் பொருளாதாரமும் அரசியலும் படித்து ஆனர்ஸ் பட்டத்துடன் வெளியே வந்தார்.

அந்தக் கல்லூரி எந்தக் காசில் நடந்தது? இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பச்சையப்ப முதலியார் 18-ம் நூற்றாண்டு வணிகர், 1794-ல் இறந்தவர். தர்மத்துக்கென்று அவர் ஒதுக்கிவிட்டுப் போன பணம் பல வருடம் வழக்கில் சிக்கிக் கிடந்தது. கடைசியில் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் அறக்கட்டளை அமைந்து, 1842-ல் பள்ளி தொடங்கியது. அது 1889-ல் கல்லூரியாக வளர்ந்தது. எதற்குச் செலவாக வேண்டும் என்று எழுதி முத்திரை குத்திய பணம் அது. அறங்காவலர் நினைத்தாலும் அதை எடுத்து ரோடு போட முடியாது. பணத்தின் மேலேயே அதன் வேலை எழுதப்பட்டிருந்தது. அண்ணாவைப் பட்டதாரி ஆக்கியதில் அந்தப் பணத்துக்கும் பங்கு உண்டு.

அடுத்த 30 வருடங்களின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், வேகமாகக் கடந்துவிடலாம். திருப்பூரில் பெரியாரைச் சந்தித்தது, பத்திரிகை வேலை, 1942-ல் 'திராவிட நாடு' இதழ், நாடகங்கள், சினிமா. 1949-ல் வந்த 'நல்லதம்பி' படத்தின் கதை அண்ணாவுடையது, நடித்தவர் என்.எஸ்.கிருஷ்ணன். மதுவிலக்குப் பிரச்சாரப் படம் என்றே சொல்லலாம். கிராமத்தை விட்டு ரயிலேறிப் போய்ப் படித்துவிட்டு வரும் கிந்தனாரின் கதையும் அதே படத்தில்தான் வருகிறது. குடி வேண்டாம், படிப்பு வேண்டும்: பின்னால் ஆட்சிக்கு வந்தபோது அவரைத் துரத்திய இரண்டு விஷயமும் அப்போதே அந்தப் படத்தில் இருந்தன. அதே வருடம் செப்டம்பர் 17-ல் தி.மு.க. பிறந்தது. 1957-ல் எம்.எல்.ஏ., 1962-ல் தோல்வி, ராஜ்யசபா. 1967 மார்ச் 6-ல் முதல்வர்.

கஜானா சாவி கையில், காசு இல்லை

முதல்வர் அண்ணா நிதித்துறையையும் தன்னிடமே வைத்துக்கொண்டார். வாக்குறுதி கொடுத்தவரும் அவர்தான், காசு தேட வேண்டியவரும் அவர்தான்.

அன்றைய மதராஸ் மாநிலத்துக்குச் சாராய வருமானம் கிடையாது. அதன் வேர் நம்ம ஓசூர் பக்கம்தான் இருக்கிறது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1937-ல் மாகாணப் பிரதமர் ஆனதும் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். அப்போது ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. கள், சாராய வரியில் விழுந்த ஓட்டையை அடைக்க 1939-ல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இன்று பில்லில் ஜிஎஸ்டி பார்த்து முகம் சுளிக்கிறோமே, அதன் தாத்தா அது. 1948-ல் மதுவிலக்கு மாகாணம் முழுக்க வந்துவிட்டது. 1967 தேர்தலில் ராஜாஜியின் சுதந்திரா கட்சி தி.மு.க.வின் கூட்டணி. அண்ணாவும் மதுவிலக்கில் கை வைக்க மாட்டேன் என்று உறுதியாக இருந்தார்.

இன்னொரு பக்கம் செலவு ஏறியது. ரூபாய்க்கு மூணு படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்பது தேர்தல் பேச்சு. அந்த ஒரு படியையே சென்னையிலும் கோவையிலும் மட்டும்தான் தொடங்க முடிந்தது. காரணம் மானியச் செலவு. ஏழை மாணவர்களுக்கு பி.யூ.சி. எனும் புகுமுக வகுப்பு வரை இலவசப் படிப்பு என்ற முடிவும் அந்த ஆட்சியில்தான் வந்தது. அன்றைக்குக் கல்லூரியின் வாசற்படி பி.யூ.சி.தான். வீட்டுக் கஷ்டத்தில் படிப்பை நிறுத்தி கிளார்க் வேலைக்குப் போனவருக்கு அந்த வாசற்படியின் உயரம் தெரியாமல் இருந்திருக்காது.

சாராயம் வேண்டாம், வரியைக் கூட்டினால் மக்கள் திட்டுவார்கள், செலவையும் குறைக்க முடியாது. பக்கத்து மாநிலமான கேரளம் 1967 நவம்பரில் ஒரு ரூபாய் லாட்டரிச் சீட்டை விற்கத் தொடங்கியிருந்தது. முதல் பரிசு 50,000 ரூபாய், முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26-ல். அதே வருடம் ஆகஸ்ட் 15-ல் அண்ணாவின் அரசும் பரிசுச் சீட்டைத் தொடங்கியது. சூதாட்டம் என்று கேட்கக்கூடாது என்பதற்காகவோ என்னவோ, தமிழில் பெயர் சாதுவாக 'பரிசுச் சீட்டு'. பரிசு விழுந்தால் வாங்கியவருக்கு நல்லது, விழாவிட்டாலும் காசு ஊருக்குத்தானே போகிறது என்பதுதான் மக்களிடம் வைக்கப்பட்ட சமாதானம்.

அந்தக் காசு எங்கே போகும்?

சமாதானத்தின் இரண்டாவது பாதியைத்தான் நாம் சோதித்துப் பார்க்க வேண்டும். ஊருக்குப் போகிறது சரி, ஊரில் யாருக்கு?

அரசு லாட்டரியில் நாம் கொடுக்கும் காசில் பெரிய பங்கு பரிசாகத் திரும்பிப் போகும். கேரளத்தில் பாதிக்கு மேல். அடுத்தது ஏஜென்ட், சில்லறை விற்பனையாளர் கமிஷன். பிறகு அச்சு, நிர்வாகம், வரி. ஜிஎஸ்டி மட்டுமே 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். எல்லாம் போக மிஞ்சுவதுதான் லாபம். விற்பனைத் தொகையைக் கேட்டால் மலை மாதிரி இருக்கும், மிச்சம் அப்படி இருக்காது.

அந்த மிச்சம் பட்ஜெட்டில் வரியல்லாத வருவாய் என்ற வரிசையில் சேரும். அதன் பிறகு அது லாட்டரி காசு இல்லை, அரசுக் காசு, அவ்வளவுதான். சட்டமன்றம் ஒப்புதல் தரும் எந்தச் செலவுக்கும் அது போகலாம்: ஸ்காலர்ஷிப், சம்பளம், கடனுக்கு வட்டி, பாலம். பச்சையப்பர் விட்டுப்போன பணத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். லாட்டரி நடத்துவதால் மட்டும் உதவித்தொகை வந்துவிடாது. அதற்குத் தனிக் கணக்கு வேண்டும், அந்தக் கணக்கை வேறு எதற்கும் தொடக்கூடாது என்று சட்டமும் வேண்டும்.

அப்படிச் செய்த இடங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் 1964-லும் நியூயார்க் 1967-லும் கல்விக்கென்றே லாட்டரி தொடங்கின. ஜார்ஜியா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போய், லாட்டரி லாபம் கல்விக்கே என்று மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்டு, 1993-ல் 'ஹோப்' என்ற கல்லூரி உதவித்தொகையைத் தொடங்கியது. நல்ல மார்க் எடுத்தால் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவி. லட்சக்கணக்கானவர்கள் படித்தார்கள். ஆனால் கட்டணம் ஏறிய வேகத்தில் லாட்டரி வருமானம் ஏறவில்லை. 2011-ல் சலுகையைக் குறைக்க வேண்டி வந்தது. அங்கு நடந்த ஆய்வுகள் காட்டிய இன்னொரு விஷயம் இன்னும் உறுத்தலானது. வருமானத்தோடு ஒப்பிட்டால் சீட்டுக்கு அதிகம் செலவழிப்பது ஏழைக் குடும்பங்கள், மார்க் அடிப்படையிலான உதவித்தொகையை அதிகம் வாங்குவது வசதியான வீட்டுப் பிள்ளைகள். ஷிஃப்ட் வேலைக்காரர் சீட்டு வாங்குகிறார், மேனேஜர் வீட்டுப் பிள்ளை படிக்கிறது என்று நம்ம ஊர்க் கணக்கில் புரிந்துகொள்ளலாம்.

கேரளமும் பின்னாளில் 'காருண்யா' என்ற பெயரில், புற்றுநோய், இதய நோய், சிறுநீரக நோய் சிகிச்சைக்கென்றே ஒரு லாட்டரியைக் கொண்டுவந்தது. அங்கே லாட்டரிக்கு இன்றும் ஓரளவு மரியாதை இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

ஆறு மாதம்கூட இல்லை

தான் தொடங்கிய சீட்டின் போக்கைப் பார்க்க அண்ணாவுக்கு நேரம் கிடைக்கவில்லை. 1968 செப்டம்பரில் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்காக நியூயார்க் போனார். திரும்பி வந்து, மாநிலம் 'தமிழ்நாடு' என்று பெயர் மாறியதைப் பார்த்தார். 1969 பிப்ரவரி 3-ல், 59 வயதில் இறந்தார். இறுதி ஊர்வலத்தில் திரண்ட கூட்டம் கின்னஸ் புத்தகம் வரை போனது. பரிசுச் சீட்டு தொடங்கி ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

பிறகு நடந்ததைப் பார்த்தால் ஒரு விசித்திரமான ஊஞ்சல் தெரியும். கலைஞர் ஆட்சி 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தியது, சில வருடத்தில் மறுபடி கொண்டுவந்தது. அதே ஆட்சி 1975-ல் பரிசுச் சீட்டையும் நிறுத்தியது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984-ல் லாட்டரி திரும்ப வந்தது. அரசுச் சீட்டோடு வெளிமாநிலச் சீட்டுகளும் பெட்டிக்கடைகளில் தோரணமாகத் தொங்கின. தினக்கூலியை மொத்தமாகச் சீட்டில் விட்ட குடும்பங்களின் கதைகள் பெருகின. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரிக்கும் தடை போட்டது. அதே 2003 நவம்பரில் டாஸ்மாக் நேரடியாகச் சில்லறை மது விற்பனைக்கு வந்தது. அண்ணா சாராயத்தை மூடி வைத்துக்கொண்டு லாட்டரியைத் திறந்தார். 35 வருடம் கழித்து, ஒரே வருடத்துக்குள், லாட்டரி மூடப்பட்டு மதுக்கடையில் அரசே உட்கார்ந்தது. கஜானாவைப் பொறுத்தவரை எது திறந்திருந்தாலும் சரி, ஒன்று திறந்திருக்க வேண்டும் போல.

இப்போது மறுபடி திறக்கலாமா?

சட்டத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. மாநில அரசுகள் நடத்தும் லாட்டரி மத்தியப் பட்டியலில் வரும் விஷயம். 1998-ல் நாடாளுமன்றம் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் போட்டது. சீட்டை அரசே அச்சடிக்க வேண்டும், குலுக்கலை அரசே தன் எல்லைக்குள் நடத்த வேண்டும், விற்ற பணம் அரசுக் கணக்குக்கு வர வேண்டும், ஒற்றை இலக்கத்துக்குப் பரிசு கூடாது, ஒரு லாட்டரிக்கு வாரம் ஒரு குலுக்கல்தான். (கேரளத்தில் தினமும் குலுக்கல் நடக்கிறதே என்றால், ஒவ்வொரு நாளும் வேறு பெயரில் வேறு லாட்டரி.)

வெளிமாநிலச் சீட்டை ஒரு மாநிலம் தடை செய்யலாம் என்பது அதே சட்டத்தின் 5-வது பிரிவு. ஆனால் தானே லாட்டரி நடத்திக்கொண்டு மற்றவர்களுடையதை மட்டும் தடுக்க முடியாது என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, உதவித்தொகைக்கென்று தமிழ்நாடு ஒரே ஒரு சின்ன லாட்டரி தொடங்கினாலும், மற்ற மாநிலச் சீட்டுகளை மறிக்கும் உரிமை போய்விடும். கதவைக் கொஞ்சமாகத் திறக்க வழியில்லை.

கதவு ஒரு பக்கம் மட்டும் மூடியிருந்தால் என்ன ஆகும் என்பதை ஓசூர்க்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். 2003-ல் இங்கே தடை வந்துவிட்டது. கர்நாடகம் தடை போட்டது 2007-ல்தான். நடுவில் நாலு வருடம், ஜூஜூவாடி செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் வியாபாரம்.

இன்று தமிழ்நாட்டில் கல்லூரி உதவி லாட்டரி இல்லாமல்தான் போகிறது. முதல் பட்டதாரி கட்டணச் சலுகை, 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண், 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன் எல்லாமே பொது பட்ஜெட் செலவு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து, இப்போது கல்லூரி போகும் மாணவியின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் விழுகிறதென்றால், அதில் நாம் கட்டும் ஜிஎஸ்டியும் இருக்கிறது, டாஸ்மாக் காசும் கலந்திருக்கிறது. பிரித்துக் காட்ட முடியாது.

மூணு நம்பர் சமாச்சாரமோ இந்தக் கணக்கு எதற்குள்ளும் வராது. அதில் அரசு அச்சடித்த சீட்டே கிடையாது. ஏதோ ஒரு குலுக்கலின் கடைசி மூன்று இலக்கத்தின் மேல் துண்டுச்சீட்டிலோ வாட்ஸ்அப்பிலோ கட்டும் பந்தயம் அது. அந்தக் காசில் வரி இல்லை, பரிசுக்கு உத்தரவாதம் இல்லை. மூக்கண்டப்பள்ளியில் ஒருவர் அதில் விடும் 100 ரூபாய் தமிழ்நாட்டுக் கஜானாவுக்கும் போகாது, கேரளத்துக்கும் போகாது.