புழுங்கல் அரிசியின் அருமையைச் சொன்ன குன்னூர் டாக்டர்... யார் இந்த ஆக்ராய்ட்?

ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம், எவ்வளவு இரும்புச்சத்து வேணும்? இன்னைக்கு செல்போனில் தட்டினால் பட்டியலே வந்துடும். இந்தியாவில் அந்தக் கணக்குக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் ஒருவர், குன்னூரில் வேலை பார்த்த அயர்லாந்துக்காரர் வாலஸ் ஆக்ராய்ட்.

1899-ல் டப்ளினில் பிறந்தவர். மருத்துவம் படித்துவிட்டு நியூஃபவுண்ட்லாந்து தீவுக்குப் போனார். அங்கே பலருக்கு பெரிபெரி நோய். வெள்ளை மாவு ரொட்டியை நம்பியே வாழ்ந்ததுதான் வினை.

1935-ல் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநரானார். நம்ம ஊர் தானியம், பருப்பு, கீரை ஒவ்வொன்றிலும் என்ன சத்து இருக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து, 1937-ல் கையேடாக வெளியிட்டார். சரிவிகித உணவைத் திட்டமிடுவது எப்படி என்பதும் அதிலேயே இருந்தது. அரிசியை மட்டும் நம்பாதீங்க, சிறுதானியம், பருப்பு, கீரை, பால் சேருங்க என்பதுதான் சாரம்.

அடுத்து அரிசி ஆராய்ச்சி. மில்லில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்கள் தப்பித்தார்கள். எப்படி? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடும். அப்புறம் தீட்டினாலும் முழுசா போகாது. நெல் அவிக்கிற நம்ம பாட்டிகளுக்கு இந்தக் காரணம் தெரியாது, பலன் மட்டும் கிடைத்தது!

மரவள்ளி விளையும் சின்னசேலம் பக்கம் இந்தக் கணக்கு இன்றும் பொருந்தும். கிழங்கில் மாவுச்சத்து ஏராளம், புரதமோ நூற்றுக்கு ஒன்றிரண்டு கிராம்தான். பக்கத்துக் கல்வராயன் மலைச் சாமையும் ஒரு கரண்டி பருப்பும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். 2020-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சொன்ன அளவு: 65 கிலோ ஆணுக்குத் தினம் 54 கிராம் புரதம், 19 மில்லிகிராம் இரும்பு. பெண்ணுக்கு இரும்பு 29 மில்லிகிராம். ஆனா நம்ம வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுவது பெரும்பாலும் பெண்கள்தானே!

குன்னூர் ஆய்வுக்கூடம் 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறியது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். ஆக்ராய்ட் 1946-ல் ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பின் முதல் ஊட்டச்சத்துப் பிரிவு இயக்குநரானார்.

ஆனால் அவர் போட்ட ஒரு கணக்கு மட்டும் தப்பிப் போச்சு. 1943 வங்கப் பஞ்சத்தை விசாரித்த ஆணையத்தில் அவரும் உறுப்பினர். செத்தவர்கள் சுமார் 15 லட்சம் என்ற மதிப்பீட்டுக்கு முக்கியப் பொறுப்பு அவருடையது. சாலையோரம் விழுந்து செத்தவர்கள் அதில் சரியாக வரவில்லை, எண்ணிக்கை குறைவுதான் என்று பல ஆண்டுகள் கழித்து அவரே ஒப்புக்கொண்டார். பிற்கால ஆய்வாளர்கள் பலர் சொல்வது 30 லட்சம் வரை. ஆக்ராய்ட் 1979-ல் காலமானார்.