மளிகைக் கடையிலிருந்து உலகக் கோப்பை வரை

1966-ம் ஆண்டில் இங்கிலாந்துக்கு உலகக் கோப்பையை ஈட்டிக் கொடுத்த சர் ஆல்ஃப் ராம்சேயின் பெயரைக் காற்பந்து அபிமானிகள் யாவரும் அறிவர். அவர் முதன்முதலில் சம்பளம் வாங்கியது ஒரு மளிகைக் கடையில் என்பதை அறிந்தவர் சிலரே. நம்மில் பலர் கடைப் பையன்களாகத் தொழில் தொடங்கியவர்கள் ஆதலின், அன்னாரது வரலாறு இவ்விதழுக்குப் பொருத்தமென எண்ணுகிறோம்.

லண்டனுக்குக் கிழக்கே டேகன்ஹாம் என்னும் ஊரில் 1920 ஜனவரி 22-ந் தேதி எளிய குடும்பமொன்றில் பிறந்தார். பள்ளியை விட்டதும் கூட்டுறவுக் கடையில் சேர்ந்து, சைக்கிளில் வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுத்தார். மளிகை வியாபாரியாவதே அப்போது அவரது ஆசை. யுத்தம் வந்து பட்டாளத்துக்கு இழுத்துச் சென்றது. அங்கே படைப்பிரிவுக் குழுவில் அவர் ஆடியதைக் கண்ட சவுதாம்டன் கிளப்பார் அவரைச் சேர்த்துக்கொண்டனர். 1949-ல் டாட்டன்ஹாம் கிளப்புக்கு மாறினார்.

வலப்புறத் தற்காப்பு அவரது ஸ்தானம். ஓட்டத்தில் வேகம் போதாது. அக்குறையை அவரே நன்கு அறிந்திருந்தபடியால், எதிரி வருமிடத்தை முன்கூட்டியே கணித்து நிற்பார். பந்து கிடைத்தால் கண்மூடித்தனமாக உதைத்துத் தள்ளாமல், தம் ஆள் ஒருவரிடம் அளந்து கொடுப்பார். 1951-ல் டாட்டன்ஹாம் முதல் டிவிஷன் பட்டம் பெற்றது. நாட்டுக்காக 32 ஆட்டங்கள் ஆடினார். 1950-ல் பிரேசிலில் அமெரிக்காவிடம் ஒரு கோலில் தோற்ற குழுவிலும், 1953-ல் வெம்ப்ளியில் ஹங்கேரியிடம் 6-3 என்று தோற்ற குழுவிலும் அவர் இருந்தார். காற்பந்தில் தங்களுக்கு நிகரில்லை என்ற ஆங்கிலேயரின் இறுமாப்பு உடைந்ததை மைதானத்துக்குள் நின்றே பார்த்தவர் அவர். ஹங்கேரி ஆட்டமே நாட்டுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம்.

1955-ல் இப்ஸ்விச் என்ற சிற்றூர்க் கிளப்பின் பொறுப்பை ஏற்றார். அது மூன்றாம் டிவிஷனில் கிடந்த கிளப், கையில் பணமில்லை. புதுச் சரக்குக் கொள்முதல் செய்ய வழியில்லாத கடைக்காரர் என்ன செய்வார்? இருக்கும் சரக்கை எங்கே எடுத்து வைத்தால் விலைபோகும் என்று பார்ப்பார். ராம்சே செய்ததும் அதுவே. ஜிம்மி லெட்பெட்டர் என்ற ஆட்டக்காரர் மெலிந்தவர், வேகமற்றவர். அவரை இடப்புற ஓரத்தில், ஆனால் வழக்கத்தைவிடப் பின்தள்ளி நிறுத்தினார். அவரைத் தொடர்ந்து போவதா, இருந்த இடத்திலேயே நிற்பதா என்று எதிர்த்தரப்புத் தற்காப்பாளர் தடுமாறுவதற்குள், பந்து முன்னணியிலுள்ள கிராஃபோர்டிடமோ பிலிப்ஸிடமோ போய்விடும். 1957-ல் மூன்றாம் டிவிஷன், 1961-ல் இரண்டாம் டிவிஷன், 1962-ல் முதல் டிவிஷன் என்று பட்டங்கள் வந்தன. அந்தப் பருவத்தில்தான் டாட்டன்ஹாம், ஜிம்மி கிரீவ்ஸ் என்ற ஒரே ஆட்டக்காரருக்கு 99,999 பவுன் கொடுத்தது. அப்படிப்பட்ட டாட்டன்ஹாமையும் இப்ஸ்விச் இருமுறை தோற்கடித்தது!

1963-ல் தேசியக் குழு அவர் கைக்கு வந்தது. அதற்குமுன் ஆட்டக்காரர்களைக் கமிட்டிதான் தேர்ந்தெடுக்கும். பொறுப்பு தம்முடையதென்றால் தேர்வும் தம்முடையதாகவே இருக்கவேண்டும் என்று நிபந்தனை விதித்தே அவர் வேலையை ஒப்புக்கொண்டார்.

அந்த நிபந்தனைக்குச் சோதனை 1966 ஜூலையில் வந்தது. பிரான்சுடன் நடந்த ஆட்டத்தில் நாபி ஸ்டைல்ஸ் முரட்டுத்தனமாக மோதி ஒருவரைக் காயப்படுத்தினார். அடுத்த ஆட்டத்துக்கு அவரை நீக்கிவிடும்படி சங்கத்து மேலிடத்தார் வற்புறுத்தினர். வேண்டுமென்றே செய்தாயா என்று ராம்சே ஸ்டைல்ஸையே கேட்டார். இல்லையென்று அவர் சொன்னதை நம்பினார். ஸ்டைல்ஸ் போவதானால் தாமும் போவதாக மேலிடத்தாருக்குத் தெரிவித்தார். சொந்த மண்ணில் நடக்கும் போட்டியின் நடுவே இப்படிச் சொல்லத் துணிவு வேண்டும். ஸ்டைல்ஸ் ஆடினார், அரையிறுதியில் போர்ச்சுகலின் யூசேபியோவை அவரே கட்டிக் காத்தார்.

அதற்கு முந்திய அர்ஜென்டினா ஆட்டம் முடிந்தபின் அந்நாட்டாரைப் பற்றி ராம்சே கூறிய இழிசொல்லை நாம் ஏற்கமாட்டோம். தென்னமெரிக்காவில் அந்தக் கசப்பு நெடுநாள் நீடித்தது.

ஜூலை 30-ந் தேதி இறுதியாட்டம். காயம் ஆறிவிட்ட கிரீவ்ஸை அவர் திரும்ப எடுக்கவில்லை; அவர் இடத்தில் ஆடிவந்த ஹர்ஸ்டையே வைத்துக்கொண்டார். கடைசி நிமிடத்தில் மேற்கு ஜெர்மனி சமன் செய்து, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிற்று. ஒருமுறை வென்றுவிட்டீர்கள், இன்னொரு முறை வெல்லுங்கள் என்ற கருத்தில் தம் ஆட்களுக்குத் தெம்பூட்டினார். ஹர்ஸ்ட் மூன்று கோல் போட, 4-2 என்று வெற்றி. பக்கத்திலிருந்தோர் துள்ளிக் குதிக்க, அவர் மட்டும் இருந்த இடத்தைவிட்டு எழவில்லை. மறு ஆண்டு சர் பட்டம் கிடைத்தது.

1970-ல் மெக்சிகோவில் 2-0 என்று முன்னணியில் இருந்த இங்கிலாந்து, அதே ஜெர்மனியிடம் 3-2 என்று தோற்றது. ஆட்டம் முடியுமுன் பாபி சார்ல்டனை வெளியே அழைத்துக்கொண்டது தவறு என்று பழி விழுந்தது. 1973 அக்டோபரில் போலந்துடன் 1-1 என்று சமனாகவே, அடுத்த உலகக் கோப்பைக்கே தகுதியில்லாமற் போயிற்று. 1974-ல் சங்கம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. பதினோராண்டு உழைத்தவரை இன்னும் கண்ணியமாக அனுப்பியிருக்கலாம் என்பது நம் எண்ணம்.

பின்னர் இப்ஸ்விச்சிலேயே அமைதியாக வாழ்ந்தார். மறதி நோயால் அவதியுற்று, 1999 ஏப்ரல் 28-ந் தேதி 79-வது வயதில் அங்கேயே காலமானார். கிளப் மைதானத்தை ஒட்டிய சாலைக்கு அவர் பெயரைச் சூட்டி, சிலையும் நிறுவியிருக்கிறார்கள்.