கடலின் நீலம் வானத்தோட பிரதிபலிப்பா? கப்பலிலேயே சோதித்துப் பார்த்த சி.வி.ராமன்!

கடல் ஏன் நீலமா இருக்கு? வானத்தின் நீலம் தண்ணீரில் பிரதிபலிக்குது, அவ்வளவுதான். 100 ஆண்டுகளுக்கு முன் இப்படிச் சொன்னவர் சாதாரண ஆள் இல்லை, நோபல் பரிசு வென்ற இங்கிலாந்து விஞ்ஞானி ராலே பிரபு. அதை சோதிக்காமல் ஏற்க மறுத்தவர், 1888-ல் திருச்சியில் பிறந்த சி.வி.ராமன்.

கல்கத்தாவில் அரசு நிதித்துறை அதிகாரியாக இருந்த ராமன், ஆபீஸ் நேரம் போக மற்ற நேரமெல்லாம் ஆய்வுக்கூடத்தில்தான் இருப்பார். 1917-ல் அந்த வேலையையே விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்தில் பேராசிரியர் ஆனார்.

1921-ல் இங்கிலாந்து போய்விட்டு கப்பலில் திரும்பும்போது, மத்தியதரைக் கடலின் அடர்நீலம் அவரை யோசிக்க வைத்தது. கையில் இருந்ததோ சின்னதாக ஒரு நிக்கோல் பட்டகம். தண்ணீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை, சரியான கோணத்தில் பிடித்தால் இது தடுத்துவிடும். ராலே சொன்னது சரி என்றால், நீலமும் மறையணும். ஆனால் நீலம் இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது!

அப்போ, நிறம் தண்ணீருக்குள்ளிருந்துதான் வருது. நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம் என்று 'நேச்சர்' இதழுக்கு எழுதினார் ராமன். சிவப்பு ஒளியை தண்ணீர் உறிஞ்சிக்கொள்வதும் முக்கிய காரணம் என்கிறது இன்றைய அறிவியல்.

ராமன் அதோடு நிற்கவில்லை. சிதறும் ஒளியில் மிகச்சிறு பகுதி தன் நிறத்தையே மாற்றிக்கொள்கிறது என்பதை கே.எஸ்.கிருஷ்ணனுடன் சேர்ந்து 1928 பிப்ரவரி 28-ல் கண்டறிந்தார். அதுதான் 'ராமன் விளைவு'. 1930-ல் நோபல் பரிசும் கிடைத்தது. 1970-ல் ராமன் மறைந்தாலும், அந்த பிப்ரவரி 28-ஐத்தான் இன்றும் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம்.