படகுக்குப் புத்தி கடன் கொடுத்தவர்

டெஸ்லா என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் கார்தான் ஞாபகம் வருகிறது. நான் எழுதப் போவது காரைப் பற்றி அல்ல. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான நிகோலா டெஸ்லாவைப் பற்றி. அவரைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் இறுதியாண்டு எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து, ஆள் ஓட்டாமல் தானாகவே திசை பார்த்துப் போகும் படகு ஒன்றை ப்ராஜெக்ட்டாக எடுத்துக்கொண்டோம். ஆளுக்கு 1500 வீதம் மொத்தம் 6000 ரூபாய். அதற்குள் எந்த ரிமோட் படகை வாங்குவது என்று மூணு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். உலகத்தில் முதன்முதலாக ரேடியோ அலையால் ஒரு படகை ஓட்டிக் காட்டியவர் டெஸ்லா என்பதால், அந்த மூணு வாரமும் நான் அவரைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

டெஸ்லா பிறந்தது 1856 ஜூலை 10-ம் தேதி, ஸ்மில்யான் என்ற குக்கிராமத்தில். இன்று அது குரோவேஷியாவில் இருக்கிறது. அன்று ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அப்பா செர்பியத் திருச்சபைப் பாதிரியார். அம்மா ஜூகா எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் வீட்டுக்கு வேண்டிய கருவிகளைத் தானே செய்துகொள்வார், தானே நூல் நூற்பார், அந்த நூலிலேயே நெய்வார். தனக்கு வந்த கண்டுபிடிக்கும் புத்தி அம்மா வழிதான் என்று மகன் கடைசிவரை சொல்லி வந்தார். நான் பிள்ளையார்பாளையத்துக்காரன். எங்கள் தெருவில் பாவில் அறுந்த ஒற்றை இழையைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்து முடிச்சுப் போடும் பெண்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்களை யாரும் இன்ஜினியர் என்று சொல்வதில்லை. சொன்னால் என்ன தப்பு என்று இந்த இடத்தைப் படித்தபோது தோன்றியது.

அப்பாவுக்குப் பையனைப் பாதிரியார் ஆக்க ஆசை. பையனுக்குக் காலரா வந்து பிழைப்பானா என்ற நிலைமை. எழுந்து உட்கார்ந்தால் இன்ஜினியரிங் படிக்க அனுப்புவதாக அப்பா வாக்குக் கொடுத்தார், பையனும் எழுந்து உட்கார்ந்துவிட்டான். 1875-ல் கிராட்ஸ் நகரத்தில் சேர்ந்தார். எங்கே தெரியுமா? பாலிடெக்னிக்கில்! முதல் வருடம் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடாமல் படித்துத் தள்ளினார். அங்கே ஒரு கிராம் டைனமோவை ஓடவிட்டுப் பாடம் நடத்தியபோது பிரஷ் இருக்கும் இடத்தில் தீப்பொறி பறந்தது. கம்யூட்டேட்டரே இல்லாமல் மோட்டார் செய்ய முடியாதா என்று கேட்டார். நடக்கவே நடக்காத காரியம் என்று பேராசிரியர் வகுப்பிலேயே விளக்கம் கொடுத்து அமுக்கிவிட்டார். பிறகு மூணாவது வருடத்தில் சூதாட்டம், படிப்பில் சறுக்கல், டிகிரி வாங்காமலே வெளியேற்றம். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இதை ஆதாரமாகக் காட்ட வேண்டாம்!

ஆனால் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. 1882-ல் புடாபெஸ்ட் பூங்காவில் நண்பருடன் நடந்துகொண்டிருந்தபோது சுழலும் காந்தப்புலம் பளிச்சென்று தோன்றியதாம். அடுத்து பாரிஸில் எடிசன் கம்பெனி வேலை. 1884-ல் நியூயார்க். எடிசனிடம் சில மாதங்கள் வேலை பார்த்துவிட்டு, பணத் தகராறில் விலகினார். 1886-87 வாக்கில் பள்ளம் தோண்டும் கூலி வேலைக்குக்கூடப் போனார். 1888-ல் அவருடைய ஏ.சி. மோட்டார் காப்புரிமைகளை வெஸ்டிங்ஹவுஸ் எடுத்துக்கொண்டார். 1893-ல் சிகாகோ கண்காட்சி முழுக்க ஏ.சி. விளக்கு, 1896-ல் நயாகரா மின்சாரம் பஃபலோ நகரத்துக்குப் போனது. இதெல்லாம் நம்ம எலக்ட்ரிக்கல் பிரிவு நண்பர்களுக்கு மனப்பாடம். அதே 1896-ல் விவேகானந்தர் நியூயார்க்கில் டெஸ்லாவைச் சந்தித்ததும், பிராணன், ஆகாசம் பற்றியெல்லாம் அவரோடு பேசியதும் அவ்வளவாக வெளியே தெரியாத சேதி.

இனி படகு. 1895 மார்ச்சில் டெஸ்லாவின் லேப் தீப்பிடித்துச் சாம்பலானது. வேறு இடத்தில் முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே காலத்தில் கல்கத்தாவில் நம்ம ஜகதீஷ் சந்திர போஸ், சுவரைத் தாண்டிப் போன அலையால் மணி அடிக்க வைத்து, வெடிமருந்தையும் வெடிக்க வைத்தார். தூரத்திலிருந்து ஒரு பொருளை வேலை செய்ய வைக்கலாம் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் மணி அடிப்பது ஒரே ஒரு வேலை. ஓடுகிற படகுக்கு வலது, இடது, நில், போ என்று பல கட்டளை வேண்டுமே! அதைத்தான் டெஸ்லா தீர்த்தார்.

1898-ல் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் மின்சாரக் கண்காட்சி. உள்ளேயே தண்ணீர் தேக்கி, அதில் சுமார் நாலடி நீளமுள்ள இரும்புப் படகு. உள்ளே பேட்டரி, புரொப்பெல்லருக்கு ஒரு மோட்டார், சுக்கானுக்கு இன்னொரு மோட்டார், மேலே ஏரியல், சின்ன விளக்குகள். டிரான்சிஸ்டர் இல்லை, வால்வுகூட இல்லாத காலம். அலையைப் பிடித்தது ஒரு குழாயில் அடைத்த உலோகத் தூள். அலை பட்டால் தூள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை விடும். மறுபடி உதிர்த்தால்தான் அடுத்த அலையைப் பிடிக்கும். அதனால் ஒவ்வொரு சிக்னலுக்கும் குழாய் தானாகவே தலைகீழாகப் புரளும்படி அமைத்தார். ஒரு தடவை சிக்னல் கொடுத்தால் உள்ளே வட்டத்தட்டு ஒரு படி நகரும். சுக்கான் ஒரு பக்கம் திரும்பும். அடுத்த தடவை நிற்கும். அடுத்தது எதிர்ப்பக்கம். பிறகு மறுபடி நிற்கும்.

இது எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம் போலிருந்தது. எங்கள் வீட்டுத் தறிமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியும் இதேதான். அப்பா ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் உருளை ஒரு முகம் திரும்பும். அடுத்த அட்டை வந்து நிற்கும். அதில் ஓட்டை இருக்கும் இடத்துப் பாவு இழை மட்டும் மேலே எழும்பும். மிதி ஒன்றேதான். எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை மெஷின் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. டெஸ்லாவின் படகும் அப்படியே.

பார்த்த ஜனம் நம்பவில்லை. மந்திரம் என்றார்கள், உள்ளே பழக்கிய குரங்கு உட்கார்ந்திருக்கிறது என்றார்கள். டெஸ்லாவும் சும்மா இருக்கவில்லை. 64-ன் கனமூலம் என்ன என்று படகைக் கேட்டால், விளக்கு நாலு தடவை மின்னும்! அதே வருடம் ஜூலை 1-ல் விண்ணப்பித்து நவம்பர் 8-ல் காப்புரிமை வாங்கினார், எண் 613809. அமெரிக்காவும் ஸ்பெயினும் போரில் இருந்த நேரம் அது. ஆனாலும் கடற்படை கண்டுகொள்ளவில்லை. 17 வருடம் முடிந்து 1915-ல் காப்புரிமை காலாவதியானது. ஒரு காசு பார்க்கவில்லை மனிதர்.

எனக்கு முக்கியமாகப் பட்டது அவர் 1900-ல் எழுதிய கட்டுரைதான். தன் படகு தூரத்தில் நிற்பவனின் புத்தியைக் கடன் வாங்கித்தான் ஓடுகிறது. அடுத்து வருவது சொந்தப் புத்தியோடு, தானே பார்த்து, தானே முடிவெடுத்து ஓடும் என்று அதில் விளக்கியிருக்கிறார். எங்கள் ப்ராஜெக்ட் முழுக்க இந்த இரண்டு படிகள்தான். கடைப் படகு கடன் புத்தி. அதைச் சொந்தப் புத்தியாக்குவது எங்கள் வேலை.

எந்தப் படகு என்பதற்கும் இதிலேயே விடை இருந்தது. நண்பர்கள் இரண்டு பேருக்கு ரேஸ் படகு மேல் ஆசை. பார்க்க அம்சமாக இருக்கும், சர்ரென்று சீறும். எனக்கு ஒப்பவில்லை. அந்தச் சைஸில் அது வேகமெடுத்து மேலெழும்பினால்தான் ஒழுங்காக ஓடும். மெதுவாகப் போனால் சுக்கானுக்குப் பிடிமானம் குறைவு. பெரும்பாலானவற்றில் ரிவர்ஸும் கிடையாது. உள்ளே ஜி.பி.எஸ்., திசைகாட்டி, பேட்டரி எல்லாம் வைத்தால் பாரம் தாங்காமல் மூக்கு முங்கும். மீன் பிடிக்கிறவர்கள் தூண்டில் இரை கொண்டுபோய்ப் போடும் படகு என்று ஒன்று வருகிறது. மெதுவாகப் போகும், இரண்டு மோட்டார், கிலோக்கணக்கில் சுமக்கும். எங்கள் வேலைக்கு அதுதான் லட்சணம். விலை எங்கள் பட்ஜெட்டுக்கு மேலே போய்விட்டது.

ஆகவே நடுவழி. 2000 ரூபாய்க்குச் சற்று மேலே, இரண்டு மோட்டார், இரண்டு புரொப்பெல்லர், அடிப்பாகம் அகலமான பொம்மைப் படகு ஒன்று. சுக்கானே இல்லை. ஒரு மோட்டாரை வேகமாகவும் மற்றதை மெதுவாகவும் விட்டால் திரும்பும். ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் விட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். புரோகிராம் எழுத இதைவிடச் சுலபம் கிடையாது. வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் கெஞ்சி, ஒரு பெரிய டப்பில் மிதக்கவிட்டு, அரைக்கிலோ உப்புப் பாக்கெட்டை உள்ளே வைத்துப் பார்த்தோம். விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி மிச்சம் இருந்தது. உடனே பணம் கொடுத்துவிட்டோம். படகோடு வந்த சர்க்யூட்டைக் கழற்றிவிட்டு, ஆர்டுயினோ, மோட்டார் டிரைவர், ஜி.பி.எஸ்., திசைகாட்டி நாலையும் வைத்தோம்.

ஓட்ட இடம் கேட்காதீர்கள். குளத்துக்குப் பஞ்சமில்லாத ஊர்தான். ஆனால் அத்தி வரதர் பள்ளிகொண்டிருக்கும் அனந்தசரஸில் போய் பொம்மைப் படகு விட முடியுமா? ஊருக்கு வெளியே ஓர் ஏரிக்குப் போனோம். ஆகாயத் தாமரை புரொப்பெல்லரைச் சுற்றிக்கொண்டது. சின்னக் கம்பி வளையம் போட்டுத் தடுத்தோம். ஜி.பி.எஸ். இரண்டரை, மூணு மீட்டர் முன்னே பின்னே காட்டும். அதனால் குறித்த இடத்துக்கு நாலு மீட்டருக்குள் வந்தால் வந்துவிட்டதாகக் கணக்கு. 40 மீட்டர் தள்ளி நட்ட மூங்கிலுக்குப் போய், தானே திரும்பிக் கரைக்கு வந்தது. காற்று பலமாக அடித்தால் கொஞ்சம் வில்போல வளைந்து வரும். எச்.ஓ.டி. சார் கைதட்டிவிட்டு, யாராவது அதே அலைவரிசையில் குறுக்கே புகுந்தால் என்ன செய்வாய் என்று ஒரு கேள்வி கேட்டார்.

அந்தக் கேள்விக்கும் டெஸ்லாவிடம் பதில் இருந்தது. ஒரே சமயத்தில் இரண்டு அலைவரிசையும் வந்தால்தான் ரிலே இயங்கும் என்ற ஏற்பாட்டுக்கு 1903-ல் அவர் காப்புரிமை வாங்கியிருக்கிறார். டிஜிட்டல் லேபில் நாம் ஆண்ட் கேட் என்று படிக்கிறோமே, அதே விஷயம்!

பிற்கால வாழ்க்கை வேதனைதான். கம்பியில்லாமல் உலகம் முழுக்கச் சேதியும் மின்சாரமும் அனுப்ப 1901-ல் வார்டன்கிளிஃபில் கோபுரம் கட்ட ஆரம்பித்தார். மார்கன் என்ற பெரும் பணக்காரர் கொடுத்தது ஒன்றரை லட்சம் டாலர். அது போதவில்லை, மேலே கொடுக்கவும் மாட்டேன் என்றுவிட்டார். 1917-ல் கோபுரத்தை இடித்தார்கள். அதே வருடம் எடிசன் பெயரிலான பதக்கத்தை டெஸ்லாவுக்குக் கொடுத்தார்கள், வேடிக்கைதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஹோட்டல் ஹோட்டலாகப் பாக்கி வைத்தார். புறாக்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். 1943 ஜனவரி 7-ல் ஹோட்டல் நியூயார்க்கரின் 3327-ம் எண் அறையில், 86 வயதில், தனியாக இறந்துபோனார். சில மாதங்கள் கழித்து ஜூனில், மார்கோனியின் முக்கியமான ரேடியோ காப்புரிமை ஒன்று செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்னோடியாகக் காட்டப்பட்டவர்களில் டெஸ்லாவும் ஒருவர். 1960-ல் காந்தப்புல அடர்த்தியின் அலகுக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

எங்கள் படகை டிபார்ட்மென்ட் லேபில் அலமாரிக்கு மேல் வைத்திருக்கிறோம். அடுத்த பேட்ச் எடுத்துக்கொள்ளலாம். திசைகாட்டியை மட்டும் மோட்டார்களிலிருந்து ஒரு சாண் தள்ளி, குச்சி நட்டு உயரத்தில் வைத்திருக்கிறோம். அழகாக இல்லை என்று அதைக் கீழே இறக்கிவிடாதீர்கள்; மோட்டார் ஓடும்போது அதன் காந்தம் வடக்கைத் தெற்காகக் காட்டும்.